பிரித்து மேய்தல்

துவாஸ் கப்பல் பட்டறை, இரண்டாம் உலர்துறை.
அறிவிப்புப் பலகைகளுக்குத் தமிழ் எழுதுவது என் வேலை.
'கையுறை அணிக', 'தலைக்கு மேல் சுமை'
எல்லாம் தூக்கத்திலும் வரும்.
ஓவர்ஹால் மட்டும் மூன்று நாளாய்
காய்ந்த கிரீஸ் மாதிரி
விரலை விட்டுப் போகவில்லை.

பழுதுபார்ப்பு என்றேன்.
பழுதே இல்லையே,
பன்னிரண்டாயிரம் மணிநேரம் ஓடிவிட்டது, அவ்வளவுதான்
என்றார் ரெய்னால்டோ.
செப்பனிடல் எப்போதோ சாலைக்குப் போய்விட்டது.
மராமத்து என்றால் கண்மாய்க் கரை தெரிகிறது,
கூடவே ஒரு காண்டிராக்டரும்.

அகராதியில் இன்னும் இருந்தன:
கப்பியில் இறுகிய கயிற்றை இழுத்துத் தளர்த்துவது.
முன்னே போகும் கப்பலை
பின்னால் வந்து தாண்டுவது.
சன்னலுக்கு வெளியே, நீரிணையில்,
மணல் ஏற்றிய பார்ஜ் ஒன்றை
ஒரு டேங்கர் ஓவர்ஹால் செய்துகொண்டிருந்தது,
ஒரு திருகைக்கூடக் கழற்றாமல்.

நான்காம் நாள் என்ஜின் அறைக்கே இறங்கினேன்.
சாக்கின்மேல் பிஸ்டன்கள்,
ஒவ்வொன்றின் தலையிலும் சாக்பீஸ் எண்.
கோட்டைச்சாமி நிமிராமல் சொன்னார்:
"இதுவா? பிரிச்சு மேயறதுதான், அக்கா."

கூரையை அவிழ்த்து
மக்கிய ஓலையைத் தள்ளி
நல்லதைத் திரும்ப வைத்து, குறைந்த இடத்துக்குப் புதிது சேர்த்துக்
கட்டுவதாம் மேய்தல்.
நான் மாடு மேய்வதென்றே நினைத்திருந்தேன்
முப்பத்தெட்டு வருடம்.
ஈசூனில், பதின்மூன்றாம் மாடியில்,
எந்தக் கூரையைக் கண்டேன்!

எழுதிக் கொடுத்தேன்.
'பேச்சுவழக்கு, தவிர்க்கவும்' என்று திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை இன்னொரு தாள்.
பாதுகாப்புப் பிரிவு முழுமையாக ஓவர்ஹால் செய்யப்படும்.
நான்கு மொழியில் வேண்டும், மதியத்துக்குள்.
இணைப்பில் பதினொரு பெயர்.
எஸ்தர் லிம், ஹம்சியா,
ஒன்பதாவதாக நான்.

சாப்பாட்டு நேரத்தில் கோட்டைச்சாமியிடம் கேட்டேன்:
எல்லாம் பூட்டி முடித்தபின் ஏதாவது மிஞ்சினால்?
சோற்றுப் பொட்டலத்தை மூடிவிட்டுப் பார்த்தார்.
"மிஞ்சக் கூடாதுக்கா.
ஒத்த போல்ட் தரையில கிடந்தாலும்
என்ஜினைக் கிளப்ப மாட்டோம்.
மறுபடி அவுப்போம்."

மேலே வந்து தட்டச்சினேன்:
பாதுகாப்புப் பிரிவு பிரிக்கப்படும்.

மேய்தலைச் சேர்க்கவில்லை.

அரைமணியில் ஒப்புதல் வந்தது.
இந்த முறை
ஒரு திருத்தமும் இல்லை.