முப்பத்தோராம் வரி

குற்றச்சாட்டை நான்தான் படித்துக் காட்டினேன்,
மலாயிலிருந்து தமிழுக்கு, நின்றபடி:
'மார்ச் பதினொன்று அல்லது அதையொட்டி
தாப்பா நீதிமன்றத்தில் பொய்ச்சாட்சியம் அளித்தீர்.'
அவ்வளவுதான்.

எடைமேடைக் கிராணி பெரியண்ணன்
காதைக் கிட்டே கொண்டுவந்தார்.
'எதும்மா பொய்யாம்?'

அன்று நாற்பத்தாறு கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தார்.
அடையாள அட்டை எண். செம்பனைக் குலை எத்தனை டன்.
லோரியின் தார்ப்பாய் நீலமா, பச்சையா.
'எம்பேருமா பொய்யி?'

வழக்கறிஞர் தவமலர் எழுந்தார்.
மூட்டையைக் காட்டி
உள்ளே ஒரு கல் இருக்கிறது என்றால் போதுமா?
கல்லைக் காட்டுங்கள். எந்தச் சொல்,
அது எப்படிப் பொய், உண்மைதான் எது?

மாஜிஸ்திரேட் இரண்டு வாரம் கொடுத்தார்.

வெளியே குலை ஏற்றிய லோரிகள்
சாலையில் எண்ணெய் வாடையை விட்டுப் போகின்றன.
திருத்திய தாள் இப்போது என் கையில்.
இம்முறை மேற்கோள் குறிக்குள்,
பதிவேட்டின் முப்பத்தோராம் வரி:
'மேனேஜர் எடைச்சீட்டைக் கிழித்ததைப் பார்த்தேன்.'

பார்த்தேன்.

'கிழிச்ச மாதிரி இருந்துச்சுங்க'
என்றுதான் சொன்னார் அன்று.
மணி பன்னிரண்டே முக்கால், எனக்குப் பசி.
'நம்பாக் மாச்சாம்' என்றிருக்க வேண்டும்.
'நம்பாக்' என்றதோடு நிறுத்திக்கொண்டேன்.
ஒரு 'மாதிரி'
என் வாயிலேயே தங்கிவிட்டது.

தாளில் அவர் பெயர், தந்தை பெயர், பிரிவு எண்.
வாக்கியம் மட்டும் என்னுடையது.

தமிழில் சொல்லும்படி
மாஜிஸ்திரேட் தலையசைக்கிறார்.

பெரியண்ணன்
காதைக் கிட்டே கொண்டுவருகிறார்.