ஒழுங்காய் விழுதல்

முதல் கிழமை முழுக்கப் புல்லில்தான் நின்றேன்,
ஸ்கேட்போர்டின் சில்லு உருளாமல்.
எந்தக் கால் முன்னுக்கு வரும் என்று பார்க்க
ரிஸ்மியா சொல்லாமல் முதுகில் தள்ளினாள்.
இடது.
நாற்பத்திரண்டு வருசம் தெரியாத சங்கதி.

உள்துறைமுக வீதி, விடிய ஐந்தே முக்கால்.
தலைக்கவசம் மகனுடையது, டைனோசர் ஸ்டிக்கரோடு.
மீன் லொறி போகும்மட்டும் காத்து நின்று ஏறினேன்.

கையை ஊன்றாதே, உருண்டு விழு என்பாள்.
ஊன்றினேன்.
இரண்டு நாள் வங்கியில்
இடக்கையால் காசு எண்ணினேன்.

இன்று பத்து யார் ஓடியிருப்பேன்.
நடுவீதியில் ஒரு புள்ளிமான்
பொலித்தீன் பையை மென்றபடி,
விலகுவதாயில்லை.
பலகைக்கு பிரேக்கும் இல்லை.
முழங்காலை மடித்தேன்,
தோளைச் சுருட்டி
ஓரத்து மண்ணில் விழுந்தேன்.

மான் மென்றுகொண்டே பார்த்தது.
ரிஸ்மியா கைதட்டினாள்,
ஓடினதுக்கில்லை.