555 நோட்டு

கோல கெட்டிலில் என் மளிகைக் கடையில்
கடன் எழுதும் நோட்டு உள்ளங்கை அகலம்.
அட்டையில் மூன்று ஐந்து.
பக்கத்துக்கு ஒரு பெயர்:
லோரி சந்தனசாமி, சார்டின் இரண்டு.
உரம் போடும் பவுனம்மா, அரிசி ஐந்து கிலோ.
வங்காளதேசத்து ரஃபிக், டாப்-அப் பத்து வெள்ளி.
இருபத்தேழாம் பக்கத்தில்
யுகேந்திரன், வயது பதினாறு,
நூற்றிருபது மணி நேரம்.

அவன் எடுத்தது
முன்னூற்று எழுபது வெள்ளியும்
ஒன்பது கட்டு சிகரெட்டும்.
வெட்டிய கூரைத் தகரத்தை
அப்படியே விட்டுப் போனான்.
அன்று விடியும்வரை மழை.
எட்டு மூட்டை அரிசி ஊறி
மூன்றாம் நாள் புளித்த கள் வாடை.
திருட்டை மன்னிப்பேனோ என்னவோ,
அந்த வாடையை மன்னிக்கவில்லை.

மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள்.
நாலு சாத்து சாத்தினால் சரியாகும் என்றார்
கோயில் பொருளாளர்.
உள்ளே போகட்டும், புத்தி வரும் என்றார்கள்
என்னிடம் இரண்டு மாதப் பாக்கி
வைத்திருந்த இரண்டு பேர்.
நலத்துறை ஹஸ்லினா
தமிழ் புரியாமல் முகம் முகமாகப் பார்த்தாள்.
பிறகு மலாயில் கேட்டாள்:
இவன் வேலை செய்யும் மணிக்கணக்கை
யாராவது குறித்துத் தருவீர்களா?
மின்விசிறி மட்டும் சுற்றியது.

எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்.
பதினேழில் உள்ளே போனவன்,
இப்போது முப்பத்தொன்பது.
தட்டுச் சோற்றை மூன்று நிமிடத்தில் முடிப்பான்,
இடது கை தட்டைச் சுற்றி வேலி.
கதவு திறந்தால் எழுந்து நிற்பான்,
வந்தது பூனையானாலும்.
அதை நான் அங்கே சொல்லவில்லை.
என் கடையில் ஒரு நோட்டு இருக்கிறது என்றேன்.

முதல் சனிக்கிழமை கூரை.
அவன் வாயில் ஆணி,
கையில் ஆ செங் கடையில் இரவல் வாங்கிய சுத்தியல்.
நான் கீழே ஏணியைப் பிடித்திருந்தேன்.
விழுந்தால் யார் பொறுப்பு என்று
ஹஸ்லினா தந்த படிவத்தில் எங்கும் இல்லை.
நாலு மணி நேரம். எழுதினேன்.

பிறகு மண்டபத்து வடிகால்,
பள்ளித் திடலில் சாய்ந்த கோல் கம்பம்,
சாவு வீட்டுக்கு நாற்காலி.
அவன் மூட்டையோடு வந்தால்
சிலர் கைப்பையை மறு தோளுக்கு மாற்றினார்கள்.
பவுனம்மா மூன்று வாரம்
முச்சந்தி மினி மார்க்கெட்டுக்குப் போனாள்.
அந்த நட்டத்தை எழுத
நோட்டைப் புரட்டினேன்,
எந்தப் பெயரில் எழுதுவதென்று தெரியவில்லை.

ஒரு சனி அவன் வரவில்லை.
வராவிட்டால் அழைக்கவும் என்றிருந்தது படிவம்.
கடை சாத்தும்வரை
அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அழைக்கவில்லை என்று சொல்ல ஆசை.
அழைத்தேன்.
மறுவாரம் வந்தவன் நேராக நோட்டைத் திறந்தான்.
"சைபர் போட்டிருக்கீங்க."
"நீ வரலையே."
"போலீஸ் வரும்னு
செம்பனைக்குள்ள உட்கார்ந்திருந்தேன்."
"வந்தாங்களா?"
"ஹஸ்லினாதான் வந்தாங்க, தனியா.
செருப்பு சேத்துல மாட்டிக்கிச்சு.
நான்தான் இழுத்துக் குடுத்தேன்."
கொஞ்சம் பொறுத்துக் கேட்டான்,
"அதுக்குக் கால் மணி நேரம் போடலாமா?"
முடியாது என்றேன்.
முதல்முறையாகச் சிரித்தான். பல்லில் ஒன்று பாதி.

நூற்றிருபதாவது மணி
ஒரு சனி மாலை ஐந்தேகாலுக்கு முடிந்தது.
கடன் தீர்ந்தால் பக்கத்தின் குறுக்கே
கோடு இழுப்பது வழக்கம். இழுத்தேன்.
ரஃபிக் மட்டும் இருந்தான்,
முட்டை எண்ணிக்கொண்டு.

அவன் போகவில்லை.
பிஸ்கெட் பொட்டலம் ஒன்றை எடுத்து
சட்டைப்பையைத் தொட்டு
தரையைப் பார்த்தான்.
"அக்கா, கணக்குல எழுதிக்கிறீங்களா?"

வெளியே மழை பிடித்துக்கொண்டது.
அவன் அடித்த தகரம்
ஒரு மூலையில் இன்னும் ஒழுகுகிறது,
வாளி வைத்திருக்கிறேன்.
பேனாவைத் தேடினேன்.
முப்பத்தொன்றாம் பக்கம்:
யுகேந்திரன்,
இரண்டு வெள்ளி நாற்பது காசு.