ஏர் லாக்

பத்தொன்பது நாளாய்ச் சத்தம் மட்டும்தான்.
டக். டக்.
பிடித்த நாக்கு நழுவிவிடும் சத்தம்.
கன்னம் குழியும், தொண்டை அசையாது.
முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு
வியர்த்துப்போய் அழுவாள்.
காம்பு இரண்டும் வெடித்து, நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

பாலே ஊறலையாட்டம் இருக்குது என்று
புட்டியைச் சுடுதண்ணீரில் போட்டாள் நாத்தனார்.
ஊறாமலா ஜாக்கெட் இப்படி நாறுகிறது?

வேடியப்பன் போர் மோட்டார் பார்க்கிறவன்.
கதவோரம் நின்று கொஞ்ச நேரம் கேட்டான், பார்க்கவில்லை.
"மோட்டார் ஓடுது. கெணத்துல தண்ணி கெடக்குது.
மேல வரலைன்னா எங்கியோ காத்து புகுதுன்னு அர்த்தம்.
கெணத்தக் கொற சொல்லக் கூடாது."
சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு
செம்மநத்தம் பக்கம் போய்விட்டான்.
இந்த வீட்டில் அன்றைக்கு
என் கட்சி பேசியது அந்த ஒரு வாய்தான்.

நாகலூர் ஆஸ்பத்திரியில் ஸ்டெல்லா சிஸ்டர்
விரலால் நாக்கைத் தூக்கிக் காட்டினார்.
அடியில் ஒரு ஜவ்வு, நூல் அளவு.
அழும்போது நுனி நடுவில் இழுபட்டு
மந்தாரை இலை மாதிரி இரண்டாகத் தெரிந்தது.
எத்தனை தடவை அந்த வாயைப் பார்த்திருப்பேன்.

சேலத்தில் டாக்டருக்கு அது ஒரு நிமிட வேலை.
கத்தரி. பஞ்சில் இரண்டு பொட்டு ரத்தம்.
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.
பெஞ்சிலேயே வைத்துப் பார்த்தேன்,
புது நாக்கை என்ன செய்வதென்று தெரியாமல்
நக்கிவிட்டுத் தூங்கிப்போனாள்.

அடிவாரம் தாண்டி
மூன்றாவது வளைவில் முழித்தாள்.
ஜன்னலோர சீட். முந்தானை. பக்கத்தில்
பலாப்பழ மூட்டையைக் காலால் அணைத்தபடி ஒருவர்,
மரியாதையாகத் தூங்குவதுபோல் நடித்தார்.

வாயைத் திறந்தாள், கொட்டாவியைவிடப் பெரிதாக.
கீழுதடு வெளியே மடங்கியது.
காம்பை மட்டுமல்ல, கருவட்டத்தையும் சேர்த்து அள்ளினாள்.
நாக்கு ஈறைத் தாண்டி முன்னால் வந்து
வாய்க்கால் போல் குழிந்து கீழே ஏந்திக்கொண்டது.

முதலில் சின்னச் சின்னதாய், வேகமாய்.
யார் வீட்டுக் கதவையோ தட்டுவது போல.
ஒன்றும் வரவில்லை.
அறுபதடிப் பாலத்தில் பஸ் குலுங்கியபோது
மார்புக்குள் குண்டூசிகள் ஒன்றாய்ப் புரண்டன.
அடுத்த மார்பும் கேட்காமலே கசிந்தது.

பிறகுதான் கவனித்தேன்:
அவள் இழுக்கவேயில்லை.
நாக்கின் பின்பக்கத்தை மெல்லக் கீழே இறக்கினாள்,
அவ்வளவுதான்.
வாய்க்குள் ஒரு காலி இடம்.
பால் தானாக அதற்குள் போய் விழுந்தது.
இத்தனை நாளும் நான் நினைத்திருந்தேன்
குடிப்பது என்றால் பலம் என்று.

ஒரு இறக்கம், ஒரு விழுங்கல், ஒரு மூச்சு.
க்... ஹா.
க்... ஹா.
டிரைவர் கியர் மாற்றியும் அது மாறவில்லை.

பத்துக்கு மேல் எனக்குக் காது அடைத்துக்கொண்டது.
பஸ்ஸில் எல்லாரும் தாடையை அசைக்கிறார்கள்,
எச்சில் விழுங்குகிறார்கள்.
ஒரு சின்னப் பையன் காதைப் பொத்தி அழுகிறான்.
இவள் ஒருத்திதான்
மடக் மடக்கென்று விழுங்கி
மலையைக் காதில் விடாமல் ஏறுகிறாள்.
கூடவே நகம் வெட்டாத கை
என் தாலிக் கயிற்றைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது.
சில்வர் ஓக் மரங்கள் வந்தன, குளிர் வந்தது,
பதினேழா பதினெட்டா, எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

ஏரிக்கரையில் பஸ் நின்றும் விடவில்லை.
வாயோரம் சுண்டுவிரலை நுழைத்தால்தான்
டப்பென்று பிடி விட்டது.
உள்ளே போன காற்று அது.
இந்த முறை நான் விட்ட காற்று.

நாகலூரில் இறங்கும்போது இருட்டிவிட்டது.
கையெல்லாம் கிரீஸோடு நின்றிருந்த வேடியப்பன்
ஏதோ கேட்டான்.
வலது காது இன்னும் திறக்கவில்லை,
உதடு அசைவது மட்டும் தெரிந்தது.
எதைக் கேட்டிருந்தாலும் சரி என்று
"ஏறிருச்சு" என்றேன்.