இன்னொரு தரம்

"இன்னொரு தரம் எடுத்துடுங்க சார்,
பணம் கட்டிடுறேன்."
ஜெனிட்டாவுக்கு ஆறு வயசு.
போன வாரம்தான் வேறோர் ஆஸ்பத்திரியில்
தலைக்கு சிடி எடுத்திருக்கிறார்கள்.
ஃபிலிம்?
காசிமேட்டு வீட்டில்
உடைந்த ஜன்னலில் ஒட்டியிருக்கிறாராம் அமலதாஸ்,
சாரல் அடிக்குதென்று.

போய்ப் பிய்த்துக்கொண்டு வாங்க என்றேன்.
திட்டிக்கொண்டேதான் போனார்.

மூணு மணிக்கு வந்தார், தொப்பலாக.
ஓரமெல்லாம் டேப் பிசுக்கு,
ஒரு மீன் செதில்.
விளக்குப் பெட்டியில் செருகினேன்.
டாக்டர் குனிந்து பார்த்தார்.
இதுவே போதும்.

என் சட்டைப்பை பேட்ஜ்
மூன்று மாதத்துக்கொரு முறை கணக்கு சொல்லும்,
என்மேல் பட்டதை மட்டும்.
பிள்ளைமேல் படாமல் போனதற்கு
ரசீதுகூடக் கிடையாது.

ஃபிலிமைச் சுருட்டி வாங்கிக்கொண்டார்.
வெளியே மழை விடவில்லை.
"ஜன்னலுக்கு வேற ஏதாவது பாருங்க."