பின்பலகை

தேவகோட்டையில் எங்கள் தெருவில்
படகு வாங்கியவர்கள் நாங்கள் மட்டும்தான்.
கடல் ஒன்றேகால் மணி நேர பஸ் தூரம்.
கண்மாயில் கொக்கின் கால் நனையக்கூட
நீரில்லாத வைகாசி.

காரைக்குடியில் பழைய சாமான் கிட்டங்கி.
பர்மாத் தேக்குக் கதவுகளுக்கும்
கைப்பிடி போன இரும்புப் பெட்டிக்கும் நடுவே
டிரெய்லரில் கிடந்ததாம்,
வெள்ளை ஃபைபர், பதினெட்டு அடி.
"எல்லாம் இருக்கு, வால் மட்டும் இல்ல"
என்றாராம் விற்றவர், மாட்டுச் சந்தையில் போல.
சேவுகன் பேசி முடித்துவிட்டு வந்து
"ஒண்ணு நாப்பது" என்றான் சன்னமாக,
மணி சொல்கிறவன் மாதிரி.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவள்.
எரிந்த செம்பின் வாடையை வைத்தே
எது பிழைக்கும், எது பிழைக்காது என்பேன்.
படகு தெரியாது.
பின்னால் போய்ப் பார்த்தேன்.
ஸ்டெர்ன் டிரைவ் இருந்த இடத்தில் ஓர் ஓட்டை,
சாவித் துவாரத்தைப் பெரிதாக்கியது போல.
தலையை உள்ளே விட்டால்
எஞ்சின் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறது,
யாரிடமோ கோபித்துக்கொண்டு.

புது டிரைவ் ஒன்பது லட்சம்.
கொச்சியில் பழசு மூன்று இருபது,
பல் கணக்கு ஒத்துப்போனால்,
ரப்பர் உறை கிழியாமலிருந்தால்,
நம்பரை யாரும் சுரண்டாமலிருந்தால்.
தொண்டி ஜபருல்லா போனில்:
"எஞ்சினத் தூக்கிப் போடுங்க தங்கச்சி.
ஓட்டைய அடச்சிட்டு
வெளிய நாப்பது குதிரையில ஒண்ணு மாட்டுங்க.
மீனுக்கு வால் ஒட்டுன ஆள நான் பாத்ததில்ல."
சேவுகன் அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு வேறு கேள்வி.
கழற்றியவன் யார்?
டிரைவைக் கழற்றத் தெரிந்தவனுக்கு
எஞ்சினைத் தூக்க எவ்வளவு நேரமாகும்?
விட்டுப் போனான் என்றால்
அவனுக்கு என்ன தெரியும்?
திருடன் வேண்டாமென்று வைத்துப் போனதை
வீட்டுக்காரன் என்ன விலைக்கு வைத்துக்கொள்வது?

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில்
ஆயில் குச்சியை உருவினேன்.
பால் கலர் இல்லை, நல்ல கறுப்பு.
ஹோஸ் மாட்டி, லாரி பேட்டரி கொடுத்தோம்.
இருமியது. மறுபடி இருமியது. பிடித்துக்கொண்டது.
தெருவில் ஜன்னல்கள் திறந்தன.
நான்கு சிலிண்டரும் ஒரே குரலில்
போவோம் போவோம் என்றன.
சுற்றுவதற்கு எதிரே ஒன்றுமில்லை.
சேவுகன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி
ஷெட் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் கோடை மழை.
டிரெய்லர் பாதி வெளியே நின்றது.
வாளியோடு ஓடினேன்.
விழுந்த தண்ணீரெல்லாம்
பின்பலகை ஓட்டை வழியே
ஒழுங்காக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.
அடைத்து வைத்திருந்தால்
மூன்று வருஷ மழையும் உள்ளேயே நின்றிருக்கும்.
ஸ்க்ரூடிரைவர் பிடியால் தரையைத் தட்டினேன்,
மூலை மூலையாக.
டங். டங்.
எங்குமே பொத்தென்று கேட்கவில்லை.
கேட்பாரற்றுக் கிடந்த காலமெல்லாம்
இதைக் காப்பாற்றியது
இதில் இல்லாத பொருள்.

ஓட்டையின் விளிம்பில் மட்டும், இடது கீழே,
நகம் கொஞ்சம் இறங்கியது.
அதை இன்னும் சேவுகனிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கடைக்கு லீவு விட்டேன்.
சீலிங் ஃபேன் வந்த அட்டையை
ஓட்டைமேல் வைத்து
பென்சிலால் வரைந்து வெட்டினேன்.
அடைப்பதா, மாட்டுவதா,
இரண்டுக்கும் அளவு ஒன்றுதானே.

தொண்டி பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்.
கண்டக்டர் குனிந்து பார்த்தார்.
"என்னக்கா இது?"
"படகோட ஓட்டை."
லக்கேஜ் போடுவதா வேண்டாமா என்று
அவரும் கொஞ்ச நேரம்
யோசித்துக்கொண்டு நின்றார்.