மூன்றாவது சரிவு

சம்மாந்துறையில் இரவு ஒன்றே கால்.
பெரும்போக நெல் வாசலில் லொறிலொறியாய்க் காத்துக்கிடக்க
நிறம் பிரிக்கிற மெஷின்
நல்ல அரிசியைத் துப்பிக்கொண்டிருக்கிறது.
ஒரு கை அள்ளிப் பார்த்தேன். கறுப்பில்லை, மஞ்சளில்லை,
கல்லுமில்லை. வெள்ளைச் சம்பா,
ஒரு குற்றமும் செய்யாமல் கழிவுச் சாக்கில்.

"கொழும்புக்குக் கேளு" என்றார் ஹாஜியார்
கொட்டாவிக்கு நடுவே.
எழுதினேன்:
"மிஸ், மெஷின் சரியில்ல. என்ன செய்ய? அவசரம்."
பெருவிரல் அனுப்பப் போன இடத்தில்
இறக்காமத்து லாபீர் வந்து நின்றான்.

போன கிழமை அவன் கேட்டதும் இப்படித்தான்:
"மோட்டர் ஓடுதில்ல, என்ன காக்கா செய்ற?"
எந்த மோட்டர், எத்தனை குதிரை,
முனகுதா, மூச்சே இல்லையா,
பியூஸ் பார்த்தியா...
அரை மணித்தியாலம் நான் தோண்டத் தோண்ட
கடைசியில் பிளக் குத்தியிருக்கவில்லை.
அன்றைக்கு என் வாயில் வந்த சொல்லை
இங்கே எழுதமாட்டேன்.
அதே சொல் இப்போது என் தோளைத் தட்டியது.

அழித்தேன். டோர்ச்சை எடுத்தேன்.

கைநூல் எழுபத்திரண்டு பக்கம். பாதி சீனம்.
மீதி ஆங்கிலம், அதில் பாதி பிளேன்டீக் கறை.
நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு படம்:
கண்ணாடி, அதைத் துடைக்கும் கை.
வாரம் ஒருதரம் என்று கீழே.

கண்ணாடி மூடியைக் கழற்றினால்
தவிடு, நகத்தால் சுரண்டும் தடிப்பில்.
தன் கண்ணில் அப்பிய தூசை
அரிசியில் கண்டு எறிந்திருக்கிறது, பாவம்.

ஆணியில் தொங்கியது பராமரிப்புப் புத்தகம்.
கண்ணாடி துடைக்கப்பட்டது: சரி.
கண்ணாடி துடைக்கப்பட்டது: சரி.
ஏழு வாரம், ஒரே பேனை, ஒரே சாய்வு.
கையெழுத்து என்னுடையது.

இதைக் கேட்கவா
அருளினி மிஸ்ஸை நித்திரையால் எழுப்பப் பார்த்தேன்?

முனாஸ் தன் பழைய சாரத்தைக் கிழித்துத் தந்தான். துடைத்தோம்.
அரிசி வழுக்கி இறங்கும் சரிவு மூன்றில்
முதலாவது திருந்தியது, இரண்டாவதும்.
மூன்றாவது மட்டும்
இருபது நிமிசத்துக்கு ஒருக்கா பேய் பிடித்தாற்போல்
வந்ததையெல்லாம் எறிந்துவிட்டு
நாற்பது விநாடியில் ஒன்றும் நடக்காதது மாதிரி ஓடும்.

காற்றழுத்தம் பார்த்தேன். ஆறு; முள் அசையவில்லை.
இரண்டின் வால்வை மூன்றுக்கும்
மூன்றினதை இரண்டுக்கும் மாற்றிப் பூட்டினேன்.
பழுது வால்வோடு போகவில்லை.
விளக்கை மாற்றினேன். விரல் சுட்டது, அவ்வளவுதான்.
நேரத்தைக் கரித்துண்டால் சுவரில் குறித்தேன்:
2.10
2.31
2.50
3.11

மூன்றேகாலுக்குத் திரும்ப எழுதினேன்.
பார்த்ததை, மாற்றியதை, மாறாததை,
சுவரில் இருந்த கரிக்கணக்கை.
ஏழு வாரம் துடைக்காமல் சரி போட்டதையும் எழுதினேன்.
அந்த வரியை இரண்டு தரம் அழித்து
மூன்றாம் தரம் விட்டுவைத்தேன்;
அதை மறைத்தால் அவருக்குக் கணக்குப் பிழைக்கும்.
அவசரம் என்ற சொல் இந்தமுறை
எங்கேயும் வரவில்லை.
விடிந்த பிறகு பார்க்கட்டும் என்று முடித்தேன்.

சுபஹு பாங்கு முடிந்து
தொழுதுவிட்டு வந்தால் பதில் கிடந்தது:
"இப்படி ஒன்றை நானும் கண்டதில்லை.
உங்கள் நேரங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.
ஆலைக்குள்ளே தேடியது போதும்.
உங்களுக்குப் பக்கத்தில்
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை என்ன தொடங்குகிறது?
தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்."

எனக்கும்.
அந்தச் சொல்லை இன்னொரு தரம் வாசித்தேன்.

வாசலுக்கு வந்தேன்.
லொறிக்காரர்கள் போத்தல் தண்ணீரில் முகம் கழுவுகிறார்கள்.
கல்முனைப் பக்கம் முதல் பஸ் போகிறது.
எதிர்வளவில் மரக்காலை, அதற்கப்பால் ஐஸ் தொழிற்சாலை,
அதற்கும் அப்பால் யாரோ கிணற்று மோட்டர் போடுகிறார்கள்,
லாபீராகவும் இருக்கலாம்.

கையில் கரித்துண்டு. அடுத்தது 5.33.
முனாசை மெஷினடியில் நிறுத்திவிட்டு
"கதைக்காதீங்க, கொஞ்சம் பொறுங்க" என்று
லொறிக்காரர்களைக் கையமர்த்தி
காதைத் திறந்துகொண்டு நிற்கிறேன்.